மூட்டை இளைத்த நாலு மாதம்

ஹோட்டல் விரிப்புகளைத் துவைத்துக் கொடுக்கும் அந்த லாண்டரியில் இருபத்திரண்டு வருடமாகத் துணி மடிக்கிறவளை எல்லோரும் மடிப்பக்கா என்பார்கள். அவள் வளர்த்த நாயின் பெயர் மூட்டை. இரண்டு பெயரையும் வைத்தவர் பாய்லர்காரர். குட்டியாக வந்த அன்று அந்த நாய் அழுக்குத் துணி மூட்டைக்குள் புகுந்து தூங்கிவிட்டது. இன்னும் இரண்டு நிமிடம் விட்டிருந்தால் மிஷினுக்குள் போய்ச் சுத்தமாக வெளியே வந்திருக்கும். ஏழு வருடத்தில் அது பெயருக்கு ஏற்றபடி நாலு பக்கமும் பிதுங்கி நிற்கும் என்று அவருக்கு அப்போது தெரியாது.

நின்றது என்று சொல்வதும் இப்போது பொய்தான். ஒருநாள் காலை மாடிப்படி இறங்கும்போது அதன் பின்னங்கால் ஒன்று உள்பக்கமாக மடங்கியது. 'கீச்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அதற்குப் பிறகு மூட்டை அந்தக் காலைத் தரையில் ஊன்றவில்லை.

நாய் டாக்டரம்மா எடைமேடையைப் பார்த்து, "முப்பத்துநாலு" என்றார். அதைச் சொல்லிவிட்டு நாயைப் பார்க்கவில்லை, மடிப்பக்காவையும் அவள் வீட்டுக்காரரையும் மாறி மாறிப் பார்த்தார். வீட்டுக்காரர் லாண்டரியின் வேன் ஓட்டுகிறவர். பார்வை தன்மேல் வந்ததும் சுவரில் ஒட்டியிருந்த பூனைப் படத்தை உன்னிப்பாகப் பார்க்க ஆரம்பித்தார்.

"முழங்கால்ல நார் அறுந்திருக்கு. ஆபரேஷன் பண்ணிடலாம். ஆனா இந்த எடைல பண்ணா வீண். மயக்க மருந்தே ஆபத்து. அதைத் தாங்கினாலும், எழுந்து நடக்கிற அன்னைக்கு மறுபடி அறுந்துடும்" என்றார் டாக்டரம்மா.

இருபத்தேழுக்கு இறங்க வேண்டும், நாலு மாதத்துக்குள். அதற்கு மேல் போனால் எலும்பும் எலும்பும் உரசி மூட்டே தேய்ந்துவிடும், பிறகு கத்தியை எடுத்துப் பிரயோஜனமில்லை என்று விளக்கினார். மடிப்பக்கா நாளையிலிருந்தே பாதியாகக் குறைத்துவிடுகிறேன் என்றாள். டாக்டரம்மா தலையை ஆட்டினார்.

"பட்டினி போடாதீங்க. வாரத்துக்கு அரைக் கிலோ போதும். அதுக்கு மேல இறங்கினா சந்தோஷப்படாம எனக்கு ஃபோன் பண்ணுங்க."

வீடு மூன்றாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. ஓரம் கிழிந்து ஹோட்டல்காரர்கள் கழித்துப்போட்ட இரட்டைக் கட்டில் விரிப்பு ஒன்றை மடிப்பக்கா கொண்டுவந்தாள். அதன் நடுவில் நாயைப் படுக்கவைத்து, தலைமாட்டில் அவளும் கால்மாட்டில் அவருமாகத் தூக்கிப் படியேறினார்கள். வேன்காரருக்கு ஏற்கெனவே இடுப்பு சரியில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் மூச்சு வாங்க நின்றார். விரிப்புக்குள் மூட்டை தூளியில் கிடக்கிற பிள்ளை மாதிரி ஆடிக்கொண்டு, ஒவ்வொரு வீட்டு வாசலையும் ராஜ பார்வை பார்த்துக்கொண்டு போனது. இரண்டாம் மாடியில் ஒரு கதவு திறந்து, யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டது. நாய்தான் என்றதும் மூடிக்கொண்டது.

ஒரு நாளைக்கு ஏற்றம் ஒன்று, இறக்கம் ஒன்று. காலை இறக்கத்துக்கு வேன்காரர் விடிகாலை லோடை முடித்துவிட்டுத் திரும்பி வருவார். இப்படி நாலு மாதம். அப்புறமும் நடக்காவிட்டால் ஆயுசு முழுக்க. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க மடிப்பக்காவுக்குத் துணிச்சல் இல்லை.

தீனியை அளக்கச் சோப்புத்தூள் குவளையில் புதிதாக ஒன்றை எடுத்து, உள்ளே பேனாவால் கோடு போட்டாள். காலையில் ஒரு கோடு, சாயங்காலம் ஒரு கோடு. லாண்டரியில் மத்தியானச் சாப்பாட்டு நேரம் நாயைத் துணி அலமாரிக்குப் பின்னால் கட்டினாள். அதுவரை ஆளாளுக்கு ஒரு வாய் போட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லோரையும் கூப்பிட்டு, இனிமேல் ஒரு பருக்கை போட்டாலும் போட்டவர் தோளில் நாயை ஏற்றிவிட்டு தான் கைவீசிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவதாகச் சொல்லிவைத்தாள்.

வேன்காரர் மட்டும், "பாவம்டி, வாயில்லா ஜீவன்" என்றார்.

"வாயில்லா ஜீவனா? அதுக்கு வாய் மட்டும்தான் இருக்கு."

நாய் முதல் வாரம் அழுதது. இரண்டாவது வாரம் அழுகையை விட்டுவிட்டுப் பார்க்க ஆரம்பித்தது. அழுகையே தேவலை. அவள் ரொட்டியைப் பிய்த்து வாய்க்குக் கொண்டுபோகும் வழி முழுக்க அந்தப் பார்வை கூடவே வரும், வாய்க்குள்ளும் வரும். கடைசியில் மடிப்பக்கா மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிடப் பழகினாள். கதவுக்கு அந்தப் பக்கம் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்கும். திருட்டுத் தீனி தின்கிறவள் மாதிரி அவசரமாக விழுங்குவாள்.

டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரி தூரம். வாரா வாரம் விரிப்போடு அங்கே போய்வர முடியாது. ஆனால் லாண்டரியில் எடைக்கு என்ன பஞ்சம்? வருகிற துணி, போகிற துணி எல்லாம் எடைமேடையில் ஏறித்தான் நகரும். சனிக்கிழமைதோறும் நாயையும் ஏற்றினார்கள். அது ஓரிடத்தில் நிற்காது என்பதால் துணி வண்டிக்குள் படுக்கவைத்து, வண்டியோடு தள்ளி மேடையில் நிறுத்தினார்கள். அங்கே யாரும் எதையும் வண்டியில்லாமல் எடை போட்டதில்லை. காலையில் முதலில் வருகிறவர் ஒரு வெறும் வண்டியை மேடையில் ஏற்றி, பொத்தானை அழுத்திப் பூஜ்யம் ஆக்கிவிடுவார். அன்றைக்கு முழுக்க வண்டியின் எடை போக உள்ளே இருப்பதன் எடை மட்டும் தெரியும். மூச்சு விடுகிற மாதிரி, யாரும் யோசிக்காமல் செய்கிற காரியம்.

ஆறு வாரத்தில் முப்பத்தொன்றரை. டாக்டரம்மா சொன்னதற்குக் கொஞ்சம் பின்தங்கித்தான் போனது. ஃபோனில் கேட்டபோது, தண்ணீரில் நடக்கவிடச் சொன்னார். நெஞ்சளவு தண்ணீரில் உடம்புப் பாரம் காலில் இறங்காது, ஆனால் தசை வேலை செய்யும்.

லாண்டரியின் பின்கட்டில் பழைய ஊறல் தொட்டி ஒன்று சும்மா கிடந்தது. பெரிய மிஷின்கள் வருவதற்கு முன்பு கறைத் துணிகளை ஊறவைத்த சிமெண்டுத் தொட்டி, ஒரு பக்கம் சரிவாக இறங்கும். பாய்லர்காரர் அதைக் கழுவி, வெதுவெதுப்பாக நீர் நிரப்பிக் கொடுத்தார். நாயைக் குளிப்பாட்டுகிற கையோடு தன் மாமியாரையும் இறக்கலாமா, அவருக்கும் முழங்கால் வலிதான் என்று கேட்டுவிட்டுப் போனார்.

மூட்டை முதலில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நடுங்கியது. பிறகு இறங்கியது. தண்ணீர் அதைத் தூக்கிக்கொண்டதும் அதன் முகம் மாறியது. இத்தனை வருடமாகத் தான் சுமந்துகொண்டிருந்தது என்னவென்று அப்போதுதான் தெரிந்தது போல. நாலு காலையும் எடுத்து வைத்தது, அறுந்த காலையும் சேர்த்து, ஒவ்வொன்றாக, மிக மெதுவாக. தொட்டியிலிருந்து ஆவி எழுந்து வெளிச்சத்தை மங்கலாக்கியது. பக்கத்தில் டிரையர்கள் ஒரே ராகமாக ஓடிக்கொண்டிருந்தன. அந்த வெண்மைக்குள் நாயின் முதுகு வருவதும் மறைவதுமாக இருந்தது. மடிப்பக்கா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தானும் தண்ணீரில் இறங்கி அதன் கூடவே நடந்தாள். இருவரும் எங்கும் போகவில்லை. எட்டடி போய்த் திரும்பி, எட்டடி வந்தார்கள். ஆனால் வெகு தூரம் போய்வந்த களைப்பு அவளுக்கு இருந்தது, வெகு தூரம் போய்வந்த நிம்மதியும்.

அந்தச் சனிக்கிழமை எடைமேடை இருபத்தெட்டு புள்ளி இரண்டு என்றது.

மடிப்பக்கா இரண்டு தடவை பார்த்தாள். ஒரே வாரத்தில் மூன்று கிலோவுக்கு மேல். தண்ணீர்தான், வேறென்ன? தண்ணீர் என்ன வேலை செய்திருக்கிறது பார் என்றாள். பாய்லர்காரர் தொட்டித் தண்ணீரைப் பாட்டிலில் அடைத்துத் தன் வயிற்றுக்குப் பூசிக்கொள்ளப்போவதாகச் சொன்னார். அரைக் கிலோவுக்கு மேல் இறங்கினால் ஃபோன் பண்ணச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. அவள் பண்ணவில்லை. மறந்தாள் என்று சொல்வதற்கில்லை. ஞாபகம் வந்தது. அந்த ஞாபகத்தை நாலாக மடித்து அடியில் வைத்துவிட்டாள்.

விரிப்புகளைத் தேய்த்துத் தள்ளும் ரோலர் முன்னால் நிற்கிறவர்களுக்குக் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கத் தெரியும். சூடான விரிப்பு வந்துகொண்டே இருக்கும், கை வாங்கிக்கொண்டே இருக்கும். அந்த மத்தியானங்களில் மடிப்பக்கா ஒரே கனவைக் கண்டாள். நாய் எடைமேடையில் படுத்திருக்கிறது. எண்கள் இறங்குகின்றன, இருபது, பன்னிரண்டு, ஐந்து. பிறகு அது ஆவியோடு ஆவியாகத் தகரக் கூரைக்கு எழும்புகிறது, காது இரண்டும் விரிந்து, ஒரு பதற்றமும் இல்லாமல். அவள் இரண்டு விரலால் வாலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். விட்டால் ஜன்னல் வழியாகப் போய்விடும். விழித்துப் பார்த்தால் முன்னால் நாற்பது விரிப்பு மூலைக்கு மூலை பிசகாமல் மடிந்து கிடக்கும்.

பத்தாவது வாரம் மேடை இருபத்தேழைக் காட்டியது. கெடுவுக்கு ஆறு வாரம் இருக்கும்போதே. ஆஸ்பத்திரிக்கு ஃபோன் பண்ணி நாள் கேட்டாள். வேனின் பின்பக்கம் துணியையெல்லாம் ஒதுக்கி நாய்க்கு மெத்தை போட்டாள்.

டாக்டரம்மாவின் மேடை, "முப்பது" என்றது. இறக்கி ஏற்றினாலும் முப்பது. நாயை அப்படித் திருப்பி இப்படித் திருப்பி நிறுத்தினாலும் முப்பது.

டாக்டரம்மா திட்டவில்லை. நாலு கிலோ இறங்கியது நல்லதுதான், பத்து வாரத்துக்கு இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கலாம், ஆறு வாரம் கழித்து வாருங்கள் என்றார். அதற்கு மேல் தள்ளிப்போட முடியாது என்று சொல்லிவிட்டு அடுத்த பூனையைக் கூப்பிட்டார்.

வேனில் திரும்பினார்கள். நாலாவது சிக்னலில் மடிப்பக்கா ஆரம்பித்தாள்.

"நீங்கதான் ஏதோ போடுறீங்க."

"நானா?"

"போன வாரம் இருபத்தேழரை, முந்தாநாள் இருபத்தேழு, இன்னைக்கு முப்பது. ரெண்டு நாள்ல மூணு கிலோ. நாய் என்ன காத்தைக் குடிச்சா ஊதுது? காலைல நான் எந்திரிக்கிறதுக்கு முன்னாடி அதுகூட இருக்கிறது நீங்க ஒருத்தர்தான்."

"ரெண்டு நாள்ல மூணு கிலோ போட நான் என்ன ஆட்டையா அறுத்துப் போட்டேன்?"

"உங்க மூஞ்சியே சொல்லுது."

அவர் மூஞ்சியைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டார். அது ஒன்றும் சொல்லவில்லை. பச்சை விழுந்தது.

அடுத்த எட்டு நாளும் அவர் நாய்ப் பக்கம் திரும்பவில்லை. அந்தச் சனிக்கிழமை நாயை யாரும் மேடையில் ஏற்றவும் இல்லை. படியில் தூக்கும்போது தன் முனையைப் பிடித்தார், மேலே போனதும் விட்டார். விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து, காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு, தன் வீட்டிலிருந்தே திருடிக்கொண்டு போகிறவர் மாதிரி வெளியேறினார். சாவிக்கொத்து சத்தம் கேட்டதும் நாய் மூன்று காலில் நொண்டிக் கதவுவரை போகும். கதவு மூடும். மடிப்பக்கா போர்வைக்குள் கிடந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். தான் சொன்னது சரிதான் என்றுதான் நினைத்தாள். சரியென்றால் ஏன் தூக்கம் வரவில்லை என்பதை யோசிக்கவில்லை.

ஒன்பதாம் நாள் பாய்லர்காரர் துண்டுகளை எடை போடுவதற்காக வண்டி ஒன்றை மேடையில் ஏற்றிவிட்டு, துண்டு எடுக்க உள்ளே போனார். வெறும் வண்டி. மடிப்பக்கா எதேச்சையாகத் திரும்பினாள். மேடையின் சிவப்பு எண் இரண்டு புள்ளி எட்டு என்றது. முன்னால் ஒரு சின்னக் கோடு இருந்தது.

ஒரு வண்டி ஒன்றுமில்லாததைவிட எப்படிக் குறைவாக இருக்கும்? கனவுதான் என்று நினைத்துத் தொடையைக் கிள்ளிக்கொண்டாள். வலித்தது. எழுந்துபோய் வண்டியைத் தொட்டாள். பிளாஸ்டிக், இரும்பைவிட இலேசு. முதலாளியம்மா நாலைந்து வாரத்துக்கு முன்னால் வாங்கிப்போட்ட புது வண்டி. வாசலை ஒட்டி நின்ற பழைய இரும்பு வண்டியைத்தான் காலையில் பூஜ்யம் போட இன்னமும் எல்லோரும் ஏற்றினார்கள், கைப்பழக்கம். நாயைப் படுக்கவைக்கப் புது வண்டியை எடுத்தாள், அடி வழவழப்பாக இருக்கிறதே, நாய்க்குச் சுகம் என்று. அவளேதான் எடுத்தாள். எந்த வாரம் முதல்? தொட்டியில் இறங்கிய அதே வாரம் முதல்.

பாய்லர்காரர் துண்டுக் குவியலோடு வந்து நின்றார். விஷயத்தைச் சொன்னதும், நாலைந்து வாரமாக எல்லா ஹோட்டல் துணியும் இளைத்திருக்கிறது, ஒருவருக்கும் உறைக்கவில்லை, நாய் வந்துதான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது என்றார்.

அவள் மடித்துக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டுப் பின்வாசலுக்குப் போனாள். வேன்காரர் துணி ஏற்றிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இன்னொரு கட்டைத் தூக்கினார்.

"என்னங்க, தப்பு என்மேலதான். வண்டி மாறிப்போச்சு. நாய் அவ்வளவு இளைக்கவும் இல்ல, திடீர்னு ஊதவும் இல்ல. உங்களைப் போய் அப்படிச் சொல்லிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க" என்றாள். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் இவ்வளவு நீளமாக அவள் மன்னிப்புக் கேட்டதில்லை.

அவர் கட்டை வைத்துவிட்டு, வேனின் படியில் உட்கார்ந்தார். கையை விரித்து அதைப் பார்த்தார்.

"போட்டேன்" என்றார்.

"என்னது?"

"தெனம் ஒரு பிஸ்கட். நாலாப் புட்டு."

"எப்பலேர்ந்து?"

"மொத நாள்லேர்ந்துதான். நீ சொன்ன அன்னைக்கு நிறுத்திட்டேன்."

பத்து வாரம், எழுபது பிஸ்கட். இப்போதுதான் கேட்ட மன்னிப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ள வழி உண்டா என்று யோசித்தாள். கோபம் வந்தது. ஆனால் அவர் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது வாத்தியார் முன்னால் நிறுத்திய பிள்ளை மாதிரி இருந்தது; கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"அஞ்சு மணிக்கு இந்த வீட்ல முழிச்சிருக்கிறது நானும் அதுவும்தான், இவளே. வெறுங்கையோட எப்படி அது மூஞ்சில முழிச்சிட்டுப் போறது?"

மடிப்பக்கா உள்ளே போய், போட்டுவிட்டு வந்ததை எடுத்து மடித்தாள். அன்று சாயங்காலம் தீனியை அளந்தாள். கோடுவரை எடுத்து, அதிலிருந்து ஒரு பிடியைத் தனியாகப் பிரித்தாள். மீதியை நாயின் தட்டில் போட்டுவிட்டு, அந்தப் பிடியை ஆணியில் தொங்கிய அவர் சட்டைப் பையில் கொட்டினாள்.

"இது அதோட பங்குலேர்ந்துதான் எடுத்தது. காலைல உங்க கையாலயே போடுங்க. ஒவ்வொண்ணா."

மறுநாள் விடியலில் பல் கடிபடும் சின்னச் சின்னச் சத்தங்களைப் போர்வைக்குள்ளிருந்து எண்ணினாள். இருபத்தாறு. அதற்கப்புறம் சாவிச் சத்தம். அதற்கப்புறம் அவளும் தூங்கிவிட்டாள்.

நாயை அதன்பிறகு இரும்பு வண்டியில் மட்டுமே ஏற்றினார்கள். எண் மெதுவாக இறங்கியது, உண்மையாக இறங்கியது. இருபத்தொன்பது. இருபத்தெட்டரை. பிறகு ஒரு வாரம் அசையவே இல்லை. எட்டடி போய் எட்டடி வருவதை மடிப்பக்கா காலையில் இருபது தடவை, சாயங்காலம் இருபது தடவை ஆக்கினாள். உள்ளங்கை, பாதமெல்லாம் ஊறிச் சுருங்கின. நாயின் இடுப்பில் முதல்முறையாக ஒரு வளைவு தெரிந்தது. தடவினால் விலா எலும்பு விரலுக்குத் தட்டுப்பட்டது. அவள் பயந்துபோய் ஃபோன் பண்ணினாள். தட்டுப்படணும், அதுதான் நாய், இதுவரை நீங்கள் வளர்த்தது தலையணை என்றார் டாக்டரம்மா.

கடைசி நாள் ஆஸ்பத்திரி மேடை இருபத்தேழு புள்ளி மூன்று என்றது. மடிப்பக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டாள், தன் மூச்சும் எடையில் சேரும் என்பது போல. டாக்டரம்மா எண்ணைப் பார்த்தார், நாயின் இடுப்பைக் கையால் அளந்தார்.

"உள்ள கூட்டிட்டு வாங்க" என்றார்.

வெளியே நீளமான ஒரு பெஞ்சு. எதிரே வெள்ளைச் சுவர். இரண்டு மணி நேரம் அந்தச் சுவரைப் பார்த்தார்கள். மடிப்பக்காவுக்கு அது ஓரம் கண்ணுக்கெட்டாத விரிப்பாகத் தெரிந்தது. எந்த மூலையைப் பிடித்து மடிக்க ஆரம்பிப்பது என்று கை தன்பாட்டுக்கு மடியில் அசைந்தது. வேன்காரர் சட்டைப் பையைத் தடவினார். ஆபரேஷனுக்கு வெறும் வயிறாக இருக்க வேண்டும் என்பதால் காலைப் பங்கு பையிலேயே இருந்தது. ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தார். பிறகு வாயில் போட்டுக்கொண்டார்.

"உப்பே இல்ல" என்றார், சிறிது நேரம் மென்றுவிட்டு.

அவளும் கையை நீட்டினாள். கொடுத்தார். மரத்தூளை மாவில் பிசைந்த மாதிரி இருந்தது. நாலு மாதமாக இதைத்தான் அது கேள்வி கேட்காமல் தின்றதா? இன்னொன்று வாங்கிக்கொண்டாள். இருவரும் சுவரைப் பார்த்து மென்றுகொண்டிருந்தபோது கதவு திறந்தது.

டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே, கால் நன்றாக வந்திருக்கிறது, மயக்கமும் சிக்கலில்லை என்றார். வாய் நிறைய இருந்ததால் இருவரும் தலையை மட்டும் ஆட்டினார்கள்.

"எடையை ஏத்திடாதீங்க. ஆயுசு முழுக்க இந்தத் தீனி, இந்த அளவுதான்."

"யாருக்கு, எங்களுக்கா?" என்றார் வேன்காரர், ஒருவழியாக விழுங்கிவிட்டு.

மடிப்பக்கா அதற்குள் உள்ளே போய்விட்டாள். மூட்டை மேசைமேல் பக்கவாட்டில் கிடந்தது, பாதி மயக்கத்தில், நாக்கு ஓரமாகச் சரிந்து. மூன்று கால்களும் காற்றில் மெல்ல ஓடிக்கொண்டிருந்தன, எங்கேயோ, அவசரமில்லாமல். கட்டுப்போட்ட காலின் விரல் நுனிகள் துணிக்கு வெளியே தெரிந்தன. அவள் குனிந்து பார்த்தாள். அவையும் அசைந்தன.